அணு உலைக் குழாய்களில் உலோகச் சோர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாய்களின் தகைவுக் கணக்குப் போடுவது, அதாவது சுமையும் சூடும் உலோகத்துக்குள் எவ்வளவு இறுக்கம் தருகின்றன என்று பார்ப்பது, என் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதும், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்ததால் எழுதி வைத்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

உலோகத்துக்குச் சோர்வு வருமா? அது என்ன மனிதனா?

கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கட்டுகம்பியை வெட்டக் கையில் குறடு இல்லையென்றால், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நாலைந்து முறை வளைப்பார். கம்பி பட்டென்று அறுந்துவிடும். அதே கம்பியை இழுத்து அறுக்கச் சொன்னால் அவரால் முடியாது. ஒரு முறை தாங்கும் சுமையை, பல முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் தாங்காது. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் சோர்வு அல்ல இது, பட்டது பட்டதுதான்.

1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தகைய அச்சு முறிவுகள்தான் இந்தத் துறையின் தொடக்கம். பின்னர் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் வோலர், அச்சுகளை இயந்திரத்தில் மாட்டி ஆயிரக்கணக்கான முறை சுழற்றிப் பார்த்து, எவ்வளவு தகைவுக்கு எத்தனை சுற்று என்று கண்டறிந்தார். இன்று நாங்கள் பயன்படுத்தும் வரைபடம் அதன் பேரப்பிள்ளைதான்.

கட்டுகம்பியை நாம் வளைக்கிறோம். அசையாமல் கிடக்கும் குழாயை யார் வளைக்கிறார்கள்?

வெப்பம். அழுத்தநீர் உலையில் முதன்மைக் குழாய்களில் ஓடும் நீர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில், கொதிக்காமல் இருக்க 155 பார் அழுத்தத்தில் இருக்கும். உலையை நிறுத்தினால் அது அறை வெப்பநிலைக்கு இறங்கும். தொடங்கினால் மறுபடி ஏறும். 10 மீட்டர் நீளத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இந்த ஏற்றத்தில் நாலரை சென்டிமீட்டர் நீளும். இரு முனையும் கனமான பாத்திரங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கும்போது அந்த நாலரை சென்டிமீட்டர் எங்கே போகும்? எல்போக்கள், அதாவது குழாயின் முழங்கை வளைவுகள், வளைந்துகொடுக்கும். ஒரு முறை தொடங்கி நிறுத்தினால் கம்பியை ஒரு முறை வளைத்து நிமிர்த்தியதற்குச் சமம். இதைத்தான் ஒரு சுற்று என்கிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. தடித்த கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் நீரை ஊற்றினால் உட்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. தம்ளர் விரிசல் விடும். குழாயின் உட்சுவரில் திடீரென்று குளிர்நீர் பட்டாலும் அதே இழுபறிதான். எஃகு கண்ணாடியைப்போல ஒரே தடவையில் உடையாது. எண்ணிக்கை வைத்துக்கொள்ளும்.

40 ஆண்டு உரிமம் என்றால் 41-ஆம் ஆண்டில் குழாய் உடையும் என்பதுதானே பொருள்?

இல்லை. அமெரிக்காவில் 40 ஆண்டு என்பது 1954-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்திலிருந்து வந்தது. முதலீடு திரும்ப வரும் காலம், ஏகபோகத் தடுப்பு ஆகியவற்றைப் பார்த்து வைத்த எண். எஃகைக் கேட்டு வைத்ததல்ல. ஆனால் எண் வந்தபிறகு, வடிவமைத்தவர்கள் அதற்கேற்ப நிகழ்வுகளை எண்ணினார்கள். வெஸ்டிங்ஹவுஸ் உலைகளில் வழக்கமாக 200 முறை சூடேற்றம், 200 முறை குளிர்விப்பு, 400 முறை திடீர் நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்; ஆண்டுக்கு 5 சூடேற்றம், 10 திடீர் நிறுத்தம் என்ற கணக்கு.

ஆக, குழாயின் வயது ஆண்டில் இல்லை, சுற்றில் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் நின்ற உலை, 40 ஆண்டு முடிவில் தன் 200-இல் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. இந்த அடிப்படையில்தான் உரிமத்தை 60 ஆண்டாக நீட்டிக்க விண்ணப்பிக்கிறார்கள். கால்வர்ட் கிளிஃப்ஸ் நிலையம் 2000-இல் முதலில் பெற்றது. 80 ஆண்டுக்கு முதலில் ஒப்புதல் பெற்றது புளோரிடாவின் டர்க்கி பாயின்ட், 2019 டிசம்பரில்.

சோர்வை எப்படி ஒரே எண்ணாக மாற்றுகிறீர்கள்?

பால்ம்கிரென் 1924-இலும் மைனர் 1945-இலும் சொன்ன விதி ஒன்று இருக்கிறது. ஒரு வகை நிகழ்வு எத்தனை முறை நடந்தது என்பதை, அந்தத் தகைவில் எத்தனை முறை அனுமதிக்கப்படுகிறது என்பதால் வகுக்க வேண்டும். எல்லா வகைகளுக்கும் இப்படி வகுத்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

நானே போட்ட ஓர் எடுத்துக்காட்டு: சூடேற்றம் 200 முறை, அனுமதி 2,000, வருவது 0.1. திடீர் நிறுத்தம் 400 முறை, அனுமதி 10,000, வருவது 0.04. மொத்தம் 0.14. மளிகைக் கடைச் சிட்டைதான். கடினமானது கூட்டல் அல்ல. அந்த 2,000-ஐயும் 10,000-ஐயும் தரும் தகைவைச் சரியாகக் கண்டுபிடிப்பதும், சிட்டையில் ஏறாமல் விட்டுப்போன சாமான் எது என்று தெரிந்துகொள்வதும்தான்.

என் கணக்கில் 0.31 வந்தது. 31 சதவீத ஆயுள் தீர்ந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். ஒரு பயிற்சிப் பொறியாளர் இப்படியே எழுதிக்கொண்டு வந்தார், தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு. அந்த எண் ஆயுள்மானி அல்ல, வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்கும் சல்லடை. எந்த நிகழ்வு முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை இந்த விதி பார்ப்பதில்லை, உலோகமோ பார்க்கும். நிகழ்வின் கடுமையையும் நாங்கள் வேண்டுமென்றே கூட்டித்தான் வைக்கிறோம். உண்மையில் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி இறங்கிய உலையை, 55 டிகிரி இறங்கியதாக வைத்துக் கணக்கிடுவது சாதாரணம்.

1 வந்தால் குழாய் பிளந்துவிடும் என்பதும் இல்லை. சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரித் துண்டு ‘தோற்றது’ என்று எழுதுவது, அது தாங்கும் சுமை 25 சதவீதம் குறையும்போது. அந்த நிலையில் துண்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழ விரிசல் இருக்கும். தடித்த குழாய்க்கு அது முடிவு அல்ல.

வரைபடத்திலேயே 20 மடங்கு பாதுகாப்பு இருக்கிறதே, அதற்கு மேலும் ஏன் பயப்பட வேண்டும்?

இந்தத் தவறான எண்ணம் படித்தவர்களிடமே அதிகம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூலில், சோதனையில் கிடைத்த சராசரியைத் தகைவில் 2-ஆலோ சுற்றில் 20-ஆலோ குறைத்து, எது குறைவாக வருகிறதோ அதை எடுத்தார்கள். அந்த 20 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள்: தரவுச் சிதறலுக்கு 2, அளவு வேறுபாட்டுக்கு 2.5, மேற்பரப்பின் சொரசொரப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் 4. பெருக்கினால் 20.

சோதித்தது விரல் பருமனுள்ள, மெருகேற்றிய துண்டு. உலையில் இருப்பதோ பெரிய, சொரசொரப்பான, பற்றவைத்த குழாய். அந்த இடைவெளியை நிரப்பவே 20 செலவாகிறது. மிச்சம் கொஞ்சம் இருக்கலாம், 20 மடங்கு இல்லை. அதிலுள்ள ‘சுற்றியுள்ள காற்று’ தொழிற்கூடக் காற்றுதான். உலை நீர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

தண்ணீர் என்ன செய்துவிடும்? அது துருப்பிடிக்காத எஃகுதானே?

வீட்டு எவர்சில்வரின் உறவுக்காரன்தான். ஆனால் 300 டிகிரி நீரில் நனைந்தபடி நீண்டு சுருங்கும்போது, அதே எஃகு காற்றில் தாங்கியதைவிடக் குறைந்த சுற்றுகளே தாங்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகமும் பல ஆண்டுகள் சோதித்து இதை உறுதிப்படுத்தினார்கள். ஆர்கோன் முன்பு தந்த சூத்திரத்தில், ஆக்சிஜன் குறைந்த நீரில் துருப்பிடிக்காத எஃகுக்கான திருத்தப் பெருக்கி அதிகபட்சம் 15.35 வரை போகும். பழைய கணக்கில் 0.05 வந்த இடம் 0.77 ஆகும், 0.1 வந்த இடம் 1.5-ஐத் தாண்டும்.

புதியவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று: மெதுவான அசைவுதான் அதிகக் கெடுதல். வேகமாக இழுத்தால் தண்ணீருக்கு வேலை செய்ய நேரம் இல்லை. மணிக்கணக்கில் மெல்ல நீளும்போது, விரிசலின் நுனியில் புதிதாகத் திறக்கும் உலோகத்தைத் தண்ணீர் நிதானமாகத் தாக்குகிறது. உலையை மெதுவாகச் சூடேற்றினால் தகைவு குறையும் என்பது உண்மை. பெருக்கி கூடும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தத் திருத்தத்தைப் போட்டால் பழைய உலைகள் எல்லாம் 1-ஐத் தாண்டிவிடுமே?

எல்லாம் தாண்டாது, சில இடங்கள் தாண்டும். உரிம நீட்டிப்பின்போது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறது. பார்க்க வேண்டிய மாதிரி இடங்களை 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று பட்டியலிட்டது: அழுத்தம் பேணும் கலனுக்குப் போகும் குழாய், நீர் உட்செலுத்தும் குழாய்களின் முனைகள் போன்றவை.

தாண்டினால் முதல் வேலை, மேலே சொன்ன மிகைக் கடுமையைக் கழற்றுவது. பதிவேட்டைத் திறந்து, உண்மையில் எத்தனை முறை, எத்தனை டிகிரி என்று பார்ப்பது. பெரும்பாலும் அதிலேயே எண் இறங்கிவிடும். இறங்காவிட்டால் அந்த இடத்தில் சிறு விரிசல் ஏற்கெனவே இருப்பதாக வைத்து, அது ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டு, அதற்குள் திரும்பத் திரும்பச் சோதிப்பது. அதுவும் ஒத்துவராவிட்டால் குழாயை வெட்டி மாற்றுவதுதான். ‘இன்னும் கொஞ்சம் நுட்பமாகக் கணக்கிட்டால் இறங்கிவிடும்’ என்று மூன்றாவது முறையும் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

1960-களில் கட்டிய உலைகளுக்கு இப்படிக் கணக்கே போடவில்லையாமே?

பல குழாய்களுக்குப் போடவில்லை என்பது உண்மை. அவை அனல்மின் நிலையக் குழாய்களுக்கான பழைய விதிப்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த விதி, முழு வெப்பச் சுற்று 7,000-க்குள் இருந்தால் சோர்வுக்காகத் தனியாக எதையும் குறைக்க வேண்டாம் என்றது. 60 ஆண்டில் 7,000 என்றால் மூன்று நாளைக்கு ஒரு முறை உலையை முழுதாக ஆற்றிச் சூடேற்ற வேண்டும். எந்த நிலையமும் அப்படி ஓடாது. ஆனால் சோதிக்க நீர் மாதிரி எடுக்கும் சிறு குழாய்கள் அடிக்கடி சூடாகி ஆறும். அவற்றுக்கு 7,000 தொலைவில் இல்லை.

கணக்கு சரியாக இருந்தும் குழாய் விரிசல் விட்டது உண்டா?

உண்டு, அதுதான் இந்தத் துறையின் பாடமே. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமாவில் ஃபார்லி இரண்டாம் உலையில் அவசரக் குளிர்நீர்க் குழாய் ஒன்று விரிசல் விட்டுக் கசிந்தது. அந்தக் குழாய் சும்மா கிடந்த குழாய். அவசரம் வந்தால்தான் அதில் தண்ணீர் ஓடும். ஆகவே கணக்கில் அதற்குச் சுற்றுகளே இல்லாத மாதிரி. ஆனால் மூடியிருந்த வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. அதன் வழியே குளிர்நீர் கசிந்து குழாயின் அடியில் படிந்தது. மேலே உலையின் சூடான நீர். மேல் பாதி விரிய, கீழ் பாதி சுருங்க, எல்லைக்கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் டியாஞ்ச் முதல் உலையிலும் ஏறத்தாழ இதே கதை.

ஆரகனில் இருந்த ட்ரோஜன் நிலையத்தில் வேறு மாதிரி வெளிப்பட்டது. அழுத்தம் பேணும் கலனுக்குப் போகும் குழாயைச் சுற்றித் தடுப்பு வளையங்கள் உண்டு. குழாய்க்கும் வளையத்துக்கும் இடையே இடைவெளி விட்டிருப்பார்கள். எரிபொருள் மாற்றும் நிறுத்தங்களில் பார்த்தால் அந்த இடைவெளி மாறியிருந்தது. குழாய் கணக்கில் இல்லாத அளவுக்கு நகர்ந்திருந்தது. மேலே சூடும் கீழே குளிருமாக அடுக்கிய நீர், குழாயை வாழைக்காய் மாதிரி வளைத்திருந்தது. 1988-இல் ஆணையம் எல்லா அழுத்தநீர் உலைகளுக்கும் இதைக் கணக்கில் சேர்க்க உத்தரவிட்டது. நான் ஒரு நிலையத்தின் படங்களைப் பெற்றால் முதலில் தேடுவது இப்படிப்பட்ட இடைவெளி அளவுகளைத்தான். குழாய் பொய் சொல்லாது.

அப்படியானால் பழைய உலைதான் ஆபத்து, புதியது பாதுகாப்பு, சரியா?

பிரான்ஸின் சிவோ முதல் உலை 1997 டிசம்பர் இறுதியில் மின்கட்டமைப்போடு இணைந்தது. 1998 மே 12 அன்று, ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், உலை நின்றபின் மிச்சச் சூட்டை அகற்றும் குழாயின் எல்போ விரிசல் விட்டு மணிக்கு 30 கனமீட்டர் நீர் கொட்டியது. வெளிப்பக்கம் விரிசலின் நீளம் 18 சென்டிமீட்டர். சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்குமிடத்துக்குப் பக்கத்தில் உட்சுவர் நொடிக்கு நொடி சூடாகி ஆறிக்கொண்டிருந்தது. உட்பக்கத்தில் வற்றிய ஏரிப் படுகையைப்போல வலைபின்னிய விரிசல்கள். இதே வகை உலைகள் எல்லாவற்றிலும் அந்தக் குழாய்ப் பகுதியை மாற்ற வேண்டியதாயிற்று.

200, 400 என்று எண்ணும் சிட்டையில் இந்தச் சுற்றுகள் ஏறவே ஏறாது. கட்டுப்பாட்டு அறையின் வெப்பமானிக்குக்கூட அவ்வளவு வேகம் தெரியாது.

மிஹாமாவில் ஐந்து பேர் இறந்தார்களே, அதுவும் சோர்வுதானே?

இல்லை. ஜப்பானில் 2004 ஆகஸ்ட் 9 அன்று மிஹாமா மூன்றாம் உலையில் வெடித்தது, ஓடும் நீர் உட்சுவரைக் கரைத்து மெலியவைத்த குழாய். 10 மில்லிமீட்டர் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. 1976-இல் உலை தொடங்கியது முதல் அந்த இடத்தை ஒரு முறைகூட அளந்ததில்லை. 1986-இல் அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் நான்கு பேரைக் கொன்றதும் இதே தேய்மானம்தான். ஆனால் 1991-இல் மிஹாமா இரண்டாம் உலையில் நீராவி உற்பத்திக் கலனின் குழல் அறுந்தது அதிர்வுச் சோர்வால். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம்.

சின்னக் குழாய்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

எண்ணிக்கையில் பார்த்தால் அதிகம் கசிவது அவைதான். பம்புக்குப் பக்கத்தில், பெரிய குழாயிலிருந்து கிளைக்கும் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான வடிகால் குழாய். அதன் நுனியில் கனமான வால்வு. கையை வைத்தால் துடிப்பது தெரியும். நொடிக்கு 20 அதிர்வு என்றால் ஒரு நாளில் 17 லட்சத்துக்கும் மேல். இங்கே எண்ணிக்கைச் சிட்டையே வீண். தகைவை எல்லைக்குக் கீழே வைத்தால் தப்பிக்கும், இல்லையென்றால் வெகு சீக்கிரம் போய்விடும்.

விரிசல் பெரும்பாலும் சாக்கெட் வெல்டின் (குழாயை ஒரு குழிக்குள் செருகி, விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்த இணைப்பின்) ஓரத்தில் தொடங்கும். வெல்ட் குழாயின் மேல் படர்ந்திருக்கும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தாங்கும் திறன் தெளிவாகக் கூடுகிறது. வால்வுக்கு ஒரு நல்ல தாங்கி கொடுத்தால் இன்னும் நல்லது. செலவு குறைந்த வைத்தியம் என்பதாலோ என்னவோ, மதிப்பும் குறைவு.

விரிசல் விட்டால் முதலில் கசியும், கண்டுபிடித்து நிறுத்திவிடலாம் என்கிறார்களே?

உடையுமுன் கசியும் என்ற இந்த வாதம் வலுவானதுதான். தடித்த, நெகிழ்வான எஃகில் விரிசல் சுவரைத் துளைத்த பின்னும் குழாய் நெடுநேரம் நிற்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவுக் கசிவை ஒரு மணி நேரத்துக்குள் உணரும் கருவிகளும் உள்ளன. ஆனால் நிபந்தனையைப் படியுங்கள்: சோர்வு, அரிமானம், நீரடி (குழாய்க்குள் நீர் திடீரென்று மோதும் அடி) போன்றவற்றுக்கு ஆளாகும் குழாய்களுக்கு இந்த வாதத்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை. குழாய் சோர்வடையாது என்று காட்டியபிறகுதான் இந்தச் சலுகையைக் கேட்கலாம். சோர்வுக்கு மாற்றாக அல்ல.

கணினி நிரலே உலையைக் கண்காணித்துக் கணக்குப் போடுகிறது. பொறியாளர் எதற்கு?

ஒரு புள்ளியில் தகைவுக்கு ஆறு கூறுகள் உண்டு. சில கண்காணிப்பு நிரல்கள் வேலையைச் சுருக்க ஒரே ஒரு கூறை மட்டும் வைத்துக் கணக்கிட்டன. 2008-இல் அமெரிக்க ஆணையம், இப்படிச் சுருக்குவது சில நேரங்களில் உண்மையைவிடக் குறைவான எண்ணைத் தரக்கூடும் என்று சொல்லி, முழுக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னது. நிரல் போட்ட கணக்கில் பிழை இல்லை, நிரலிடம் கேட்ட கேள்வியில்தான் பிழை. பொறியாளர் அதற்குத்தான்.

கல்பாக்கத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே என்ன நிலைமை?

அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு அலகுகளும் 1984, 1986-இல் உற்பத்தியைத் தொடங்கிய கனநீர் உலைகள். இந்த வகை உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்றலாம். அதற்கென்று நிறுத்தி ஆற்ற வேண்டாம். சோர்வுக் கணக்குக்கு இது சாதகம். மாறாக, 306 எரிபொருள் வாய்க்கால்களுக்கும் தலா இரண்டாகப் போகும் ஊட்டுக் குழாய்களின் வளைவுகளில், மிஹாமா பதிலில் சொன்ன தேய்மானமே இந்த வகை உலைகளில் பெரிய கவலை.

இந்திய அணுமின் நிலையத்தில் சோர்வு பெரிய அளவில் வேலையைக் காட்டியது குழாயில் அல்ல. 1993 மார்ச் 31 அன்று நரோராவில் டர்பைன் தகடுகள் சோர்வால் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து, தீப்பிடித்து, நிலையமே மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. அணுஉலைப் பக்கம் ஒரு குழாய்கூட உடையவில்லை.

கணக்கில் 0.2-தான். பிறகு ஏன் செலவு செய்து மீயொலிச் சோதனை?

சிட்டையில் ஏறாத சாமானுக்காக. சோதனையும் எளிதல்ல. துருப்பிடிக்காத எஃகின் வெல்டில் படிகங்கள் பெரிதாக, கோணலாக இருப்பதால் ஒலி சிதறும். திரையில் தெரிவது விரிசலா, வெல்டின் வேர் வடிவமா என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

அதே சிவோ முதல் உலையில் 2021-இல் நடந்ததைச் சொல்கிறேன். வெப்பச் சோர்வு விரிசலைத் தேடுவதற்கென்று வகுத்த மீயொலிச் சோதனையில், அவசரக் குளிர்நீர்க் குழாயின் வெல்டுகள் அருகே சந்தேகமான அறிகுறிகள் கிடைத்தன. வெட்டி எடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்த்தால் சோர்வு அல்ல, தகைவு அரிமானம், அதாவது தகைவும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல். அந்த உலையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. பிரான்ஸ் பல உலைகளை நிறுத்திச் சோதித்தது. 2023-இல் பென்லி முதல் உலையில், 27 மில்லிமீட்டர் சுவரில் 23 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல் கிடைத்தது. அது இருந்தது, கட்டும்போதே இரண்டு முறை பழுதுபார்த்த ஒரு வெல்டில்.